தெருவிளக்குல மிச்சமாகுற காசு யார் கணக்குக்குப் போகுது?



இன்னைக்கு மீம் இல்ல, ட்ரோல் இல்ல. ஒரு அஞ்சு நிமிஷம் கொடுங்க. கரண்ட் பில் பத்திப் பேசலாம். உங்க வீட்டு பில் இல்ல, உங்க ஊரோட பில்.

எனக்கு ஊர் ஐயங்கார்குளம். நடவாவிக் கிணறு இருக்கிற ஊர்னு சொன்னா காஞ்சிபுரம் பக்கம் டக்குனு புரிஞ்சுக்குவாங்க. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ல ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு மெயின் ரோட்டுல இறங்குற அக்கா, தங்கச்சிங்க இந்த மாவட்டம் பூரா இருக்காங்க. இறங்கி வீட்டுக்கு நடக்குற அந்த அரை கிலோமீட்டர்ல விளக்கு எரியுதா இல்லையா? அவங்களுக்கு வளர்ச்சின்னா முதல்ல அதுதான்.

காலேஜ் படிச்சப்ப நான் தங்கியிருந்த ஊர்ல (பேரு வேண்டாம்) புதுசா எல்இடி தெருவிளக்கு போட்டாங்க. போட்டோ எடுத்தாங்க, பட்டாசு வெடிச்சாங்க. ஒரு வருஷம் திரும்புறதுக்குள்ள எங்க தெருவுல பாதி விளக்கு கண்ணை மூடிடுச்சு. கம்பத்துல எழுதியிருந்த நம்பருக்கு போன் போட்டா, "அந்த கான்ட்ராக்ட் முடிஞ்சுபோச்சு தம்பி"ன்னு பதில். அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சது. கோளாறு பல்புல மட்டும் இல்ல, பணம் கொடுத்த விதத்துலயும் இருக்கு.

📌 முதல்ல கணக்கு

ஒரு சின்ன நகரத்துல 1000 சோடியம் விளக்கு இருக்குன்னு வச்சுக்குவோம். ஒவ்வொண்ணும் 250 வாட். சோக்கையும் சேர்த்தா சுமார் 280 வாட் இழுக்கும். அதை எடுத்துட்டு 120 வாட் எல்இடி போட்டா, ஒரு விளக்குக்கு 160 வாட் மிச்சம். ராத்திரிக்கு 11 மணி நேரம்னா வருஷத்துக்கு ஒரு விளக்குல சுமார் 642 யூனிட். 1000 விளக்குக்கு 6.4 லட்சம் யூனிட். யூனிட் 8 ரூபாய்னு போட்டா வருஷத்துக்கு 51 லட்சம். ஒரு விளக்கு 10,000 ரூபாய்னு வச்சா மொத்தச் செலவு 1 கோடி. ரெண்டே வருஷத்துல அசல் திரும்பிடும். (விலை, யூனிட் ரேட் எல்லாம் உதாரணத்துக்கு. உங்க ஊர் எண்ணைப் போட்டுப் பாருங்க.)

குடிநீர் மோட்டாருக்கும் இதே கதைதான். தேய்ஞ்சுபோன பம்ப்ல, வாங்குற கரண்ட்ல பாதிகூட தண்ணியைத் தூக்கப் பயன்படாது. மீதி சூடாவும் சத்தமாவும் போயிடும். அதுக்கும் பில் கட்டுறது நம்ம வரிப்பணம்.

இவ்வளவு லாபம்னா ஏன் எல்லா ஊரும் செய்யல? முதல் நாள் அந்த 1 கோடி கையில இல்ல. சம்பளம், குப்பை, தண்ணி பார்க்கவே பத்தாத பேரூராட்சிக்கு எந்த பேங்க் கடன் கொடுக்கும்? இங்கதான் பொது முதலீட்டு நிதியம் தேவைப்படுது. அரசு முதல்ல போடும், மிச்சமாகுற கரண்ட் காசுல ஊர் திருப்பிக் கட்டும், திரும்பி வந்த பணம் அடுத்த ஊருக்குப் போகும்.

📌 இது புதுசா?

இல்லவே இல்ல. தமிழ்நாட்டுக்கு இதுல நல்ல அனுபவம் இருக்கு. உலக வங்கி உதவியோட 1988ல தொடங்கின நகராட்சி வளர்ச்சி நிதி, 1996ல தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியமா மாறுச்சு. அதை நிர்வகிக்கிற நிறுவனத்துல அரசுக்கு 49 சதவீதம், தனியார் நிதி நிறுவனங்களுக்கு 51 சதவீதம்னு பங்கு வச்சாங்க. அதுக்கப்புறம் எந்த ஆட்சி வந்தாலும் நிதியம் நிக்கல.

2002ல இன்னும் ஒரு படி மேல போனாங்க. தனித்தனியா போனா மார்க்கெட்ல யாரும் மதிக்காத 13 உள்ளாட்சிகளோட குடிநீர், கழிவுநீர்த் திட்டக் கடன்களை ஒண்ணாச் சேர்த்து, 30.41 கோடி ரூபாய்க்கு ஒரே பத்திரமா வெளியிட்டாங்க. 15 வருஷக் கடன். ஒவ்வொரு ஊரும் மாசா மாசம் தனிக் கணக்குல பணம் போடணும். தவறினா, மாநில அரசு அந்த ஊருக்குக் கொடுக்க வேண்டிய நிதியிலயே பிடிச்சுக்கலாம். சுள்ளியைத் தனியா ஒடிக்கலாம், கட்டா ஒடிக்க முடியாதுன்னு நம்ம பாட்டி சொன்ன அதே கதைதான்.

ஆலந்தூர் பாதாளச் சாக்கடையையும் மறந்துடாதீங்க. 1990களோட கடைசியில, குழாய் பதிக்கிறதுக்கு முன்னாடியே வீட்டுக்கு 5,000 ரூபாய்னு ஜனங்க முன்பணம் கட்டினாங்க. திட்டம் என்ன, காசு எங்க போகுதுன்னு சொன்னா நம்ம ஜனங்க கை கொடுப்பாங்க.

📌 இடறின இடமும் இருக்கு

மத்திய அரசோட இஇஎஸ்எல் நிறுவனம் 2015ல இருந்து தேசிய தெருவிளக்குத் திட்டத்தை நடத்துச்சு. ஹுட்ஹுட் புயல்ல இருண்டுபோன விசாகப்பட்டினத்துல 90 ஆயிரத்துக்கும் மேல எல்இடி போட்டது பெரிய சாதனை, அதை மறுக்கல. ஊர் முதல் போட வேண்டாம், மிச்சத்துல வருஷா வருஷம் கட்டினா போதும்கிற நல்ல ஏற்பாடு. ஆனா பல உள்ளாட்சிகள் தவணையைக் கட்டாம பாக்கி வச்சாங்க. பாக்கி ஏற ஏற நிறுவனத்தோட பணம் முடங்குச்சு. பில் குறைஞ்சது உண்மை. அந்த மிச்சத்தைத் தனியா எடுத்து வைக்க ஆள் இல்ல, வேற செலவுல கரைஞ்சு போச்சு.

வெளியூர் கதையும் ரெண்டு இருக்கு. நம்ம ஈழத்து உறவுகள் நிறைய வாழுற டொரண்டோல, 1991ல, மாநகராட்சிக்குச் சொந்தமான பழைய சிறைப் பண்ணை நிலத்தை வித்த பணத்துல 2.3 கோடி கனடா டாலரை எடுத்து ஒரு நிதியம் ஆரம்பிச்சாங்க. முதலைக் கரைக்காம, அதுல வர்ற வருமானத்துலயும் திரும்பி வர்ற கடன்லயும் இன்னைக்கு வரைக்கும் ஓடுது. தாய்லாந்துல 2003ல அரசு குறைஞ்ச வட்டிக்குப் பணத்தை பேங்குக்குக் கொடுத்து, மின்சாரத்தை மிச்சப்படுத்துற வேலைக்கு 4 சதவீதத்துக்கு மேல வட்டி வாங்காதன்னு கட்டுப்பாடு போட்டுச்சு.

📌 யாரும் பேசாத ஒரு சிக்கல்

மேல போட்ட கணக்குக்கு மறுபடி வாங்க. அந்த 1000 விளக்குல 300 ஏற்கெனவே எரியாம கிடந்துச்சுன்னு வைங்க. அப்ப பழைய பில் 700 விளக்குக்குத்தான். புதுசா 1000மும் எரிஞ்சா, மிச்சம் 51 லட்சம் இல்ல, சுமார் 24 லட்சம். ரெண்டு வருஷத்துல முடிய வேண்டிய கடன் நாலு வருஷத்துக்கு மேல இழுக்கும். இதைப் பார்த்துட்டு பேங்க்காரர் "திட்டம் தோல்வி"ன்னு எழுதிடுவார். ஆனா இருட்டுல நடந்த அந்தத் தங்கச்சிக்கு இப்பதான் வெளிச்சம் வந்திருக்கு!

அதனால ஏழை ஊரும் இருண்ட தெருவும்தான் எப்பவும் கடைசி வரிசையில நிக்குது. லாபத்தை மட்டும் அளக்கிற நிதியம், ஏற்கெனவே நல்லா இருக்கிற ஊருக்குத்தான் ஓடும். நம்ம பதில் ஒரே வரி: இருட்டுக்கு மானியம், மிச்சத்துக்குக் கடன். எரியாத 300 விளக்குக்கு ஆகுற 30 லட்சத்தை அரசு மானியமா கொடுக்கட்டும். மீதி 70 லட்சம் கடன். அந்த 700 விளக்குல வருஷத்துக்கு 36 லட்சம் மிச்சம் வரும், ரெண்டு வருஷத்துல கடன் அடையும்.

✊ நம்ம கோரிக்கை

1️⃣ நகர்ப்புற வளர்ச்சி நிதியத்துக்குள்ளயே மின்சிக்கனத்துக்குன்னு தனிச் சுழல்நிதி வேணும். புது கம்பெனி, புது போர்டு, புது கார் வேண்டாம்.

2️⃣ சின்னப் பேரூராட்சிகளைப் பத்து, பதினஞ்சா சேர்த்து ஒரே டெண்டர், ஒரே கடன். 2002ல முடிஞ்சது இப்ப முடியாதா?

3️⃣ மாட்டின விளக்குக்குப் பணம் வேண்டாம், எரியுற விளக்குக்குப் பணம். ஏழு வருஷம் பராமரிப்பு. 48 மணி நேரத்துல சரி செய்யலன்னா பிடித்தம்.

4️⃣ வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மீட்டர் வச்சு பழைய செலவைப் பதிவு செய்யணும். அளந்து பார்க்கிறவர் கான்ட்ராக்டர் ஆளா இருக்கக் கூடாது. மிச்சமாகுற பணம் தனிக் கணக்குல விழணும்.

5️⃣ எந்த ஊருக்கு எவ்வளவு கடன், எவ்வளவு மிச்சம், எவ்வளவு பாக்கின்னு மூணு மாசத்துக்கு ஒரு தடவை தமிழ்ல வெளியிடணும்.

இந்த அஞ்சாவது பாயின்ட் எங்க மண்ணுல பொறந்தது. எங்களுக்குப் பக்கத்துல இருக்கிற உத்திரமேரூர்ல, முதலாம் பராந்தகச் சோழன் காலத்துல, 919லயும் 921லயும் வெட்டின கல்வெட்டு இருக்கு. குடவோலைன்னு எல்லா மேடையிலயும் பேசுறோம். அதுல இன்னொரு விதியும் இருக்கு, அதை அவ்வளவா பேசுறதில்ல. வாரியத்துல இருந்துட்டு கணக்குக் காட்டாதவன் மறுபடி குடத்துக்குள்ள தன் பேரைப் போட முடியாது. அவனோட நெருங்கின சொந்தக்காரங்களுக்கும் அதே தடைதான். பொன்னை முதலா வச்சு, வட்டியில ஏரியைத் தூர்வாரின வழக்கமும் நம்ம கல்வெட்டுகள்ல இருக்கு. சுழல்நிதியும் அதேதான் தோழர்களே: முதல் கரையக் கூடாது, வேலை நிக்கக் கூடாது, கணக்கு மறையக் கூடாது.

👉 இப்ப நீங்க செய்ய வேண்டியது: நகரத்துல இருக்கிறவங்க அடுத்த ஏரியா சபைக்குப் போங்க, கிராமத்துல இருக்கிறவங்க கிராமசபைக்குப் போங்க. மூணே கேள்வி கேளுங்க. நம்ம ஊர்ல எத்தனை விளக்கு? அதுல நேத்து ராத்திரி எத்தனை எரிஞ்சுது? போன வருஷ கரண்ட் பில் எவ்வளவு? பதில் வரலன்னா தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க.

உக்காந்திருக்கிறது நம்ம கட்சி கவுன்சிலரா இருந்தாலும் கேளுங்க. அவர்கிட்டதான் முதல்ல கேக்கணும். நம்ம ஆளைக் கேக்காத வாய்க்கு அடுத்தவனைக் கேக்க என்ன உரிமை?

பதிலைக் கமெண்ட்ல போடுங்க. ஊர் ஊரா தொகுத்து தலைமைக்கு அனுப்புறது என் பொறுப்பு.

#இருட்டுக்கு_மானியம் #மிச்சத்துக்குக்_கடன் #கணக்கைக்_காட்டு