விஷக் காய்ச்சலும் ஜாதிக் கணக்கும்

இன்புளுயன்ஸா என்பது இத்தாலி பாஷைச் சொல். அதற்கு ஆதிக்கம் என்று பொருள். யாருடைய ஆதிக்கம் என்றால், வானத்து நட்சத்திரங்களின் ஆதிக்கமாம்! ஊரெல்லாம் ஒரே சமயத்தில் சளியும் சுரமுமாய்ப் படுத்ததற்குக் காரணம் தெரியாத அக்காலத்து ஐரோப்பியர் கிரகங்களின்மேல் பழியைப் போட்டு இப்பேரை வைத்தார்கள். ஆகவே இது நமது பஞ்சாங்கக்காரருக்கு மாத்திரம் சொந்தமான புத்தி அல்ல. ஆனால் அவர்கள் பேரை வைத்துக்கொண்டு காரணத்தைத் தேடப் போய்விட்டார்கள். நமது நாட்டிலோ 2021-ல் வேறொரு தொற்றுநோய்க்காகக் கோயமுத்தூரில் "கொரோனா தேவி" என்று சிலையே வைத்துப் பூசை செய்தார்கள். நோய்க்குப் பேர் வைப்பதற்கு முன்பே அதற்குக் கோவில் கட்டிவிடாமல் விட்டார்களே, அதற்காக வேண்டுமானால் சந்தோஷப்படலாம்.

விஞ்ஞானம் மாத்திரம் தவறு செய்யாததா என்று கேட்பார்கள். செய்திருக்கிறது. 1892-ல் ஜெர்மனியில் பைபர் என்பவர் ஒரு பாக்டீரியாவைக் காட்டி, இதுவே இக்காய்ச்சலுக்குக் காரணம் என்றார். பலர் வெகுகாலம் நம்பினார்கள். 1933-ல் லண்டனில் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா என்ற மூவர், பாக்டீரியாவெல்லாம் வடிகட்டப்பட்ட நோயாளியின் தொண்டை நீரைக் கீரி போன்ற பெரட் என்னும் பிராணியின் மூக்கில் விட்டு, அதற்கும் காய்ச்சல் காணச் செய்து, காரணம் அதைவிட நுண்ணிய வைரஸ் என்று மெய்ப்பித்தார்கள். பைபர் சொன்னதை மறுத்தது பாவம் என்று எவனும் தடியெடுத்து வரவில்லை.

நிற்க, 1918-ல் நடந்ததை நம்மவர்கள் அவசியம் அறியவேண்டும். அவ்வருஷம் ஜூனில் பம்பாயில் தலைகாட்டி, செப்டம்பரில் மறுபடியும் கொடூரமாய்க் கிளம்பிய இக்காய்ச்சல், இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட பேரைக் கொன்றதாக ஆராய்ச்சிக்காரர்கள் மதிப்பிடுகிறார்கள். 1911-க்கும் 1921-க்கும் இடையில் இந்நாட்டு ஜனத்தொகை ஏறாமல் குறைந்தே போயிற்று. அப்போது பம்பாய் நகரத்தில் எடுத்த சாவுக் கணக்கு ஒன்று உண்டு. ஆயிரம் பேருக்கு ஐரோப்பியரில் செத்தவர் சுமார் 8, பார்சிகளில் 9, மற்ற ஜாதி இந்துக்களில் சுமார் 19, "தாழ்ந்த ஜாதி" இந்துக்கள் என்று எழுதப்பட்டவர்களில் 61-க்கு மேல்!

இந்த வைரஸுக்கு மநுதர்மம் படித்துக் காட்டியது யார் என்று கேட்கின்றோம். முன்ஜன்ம கர்மம் என்று சொல்ல ஆள் இருப்பார்கள். கர்மமுமில்லை, கத்தரிக்காயுமில்லை. ஒரே அறையில் குடும்பம் முழுவதும் மூச்சுவிட்டு மூச்சு வாங்கிக் கிடந்தது. மழை பொய்த்துத் தானிய விலை ஏறி அரை வயிறாய்க் கிடந்தது. படுத்தால் பார்க்க வைத்தியனுமில்லை, வாயில் கஞ்சி ஊற்ற ஆளுமில்லை. கிருமி எல்லாரிடமும் ஒரே மாதிரிதான் போயிற்று. அது போய்ச் சேர்ந்த வீடுகளை ஒரே மாதிரி இல்லாமல் செய்து வைத்தது மனிதன்தான்.

இக்காய்ச்சல் இருமல், தும்மல், பேச்சு வழியாகவும், சளிபட்ட கைவழியாகவும் பரவுகிறது. சுரம் காண்பதற்கு ஒருநாள் முன்னமே தொற்ற ஆரம்பித்து, படுத்தபின் ஏறக்குறைய ஒருவாரம் தொற்றும். ஆகவே முழங்கை மடிப்பில் தும்முவதும், ஜன்னலைத் திறந்து வைப்பதும், நோயாளியும் பார்த்துக்கொள்பவரும் வாய் மூக்கை மூடிக்கொள்வதும் அவசியம். இவ்வைரஸின்மேல் கொழுப்பு உறை இருப்பதால் சாதாரண சோப்பே அதை உடைத்துவிடும்; தீர்த்தம் உடைக்காது. வைரஸ் தன் உருவை மாற்றிக்கொண்டேயிருப்பதால் தடுப்பூசியை வருஷந்தோறும் போடவேண்டும். கர்ப்பிணிகளும், முதியோரும், நீரிழிவு, ஆஸ்துமா உள்ளவர்களும் முக்கியமாய்ப் போட்டுக்கொள்ளவேண்டும். பாக்டீரியாவைக் கொல்லும் மாத்திரை இதற்கு உதவாது. அதைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குவதும் ஒருவித மந்திரித்தலே. மூச்சுத் திணறினாலும், உதடு நீலம் பாரித்தாலும், குழந்தை பால் குடிக்க மறுத்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். இதற்குள்ள வைரஸ் மருந்து முதல் இரண்டு நாளில் கொடுத்தால்தான் நன்றாய் வேலை செய்யும்.

காய்ச்சல்காரன் வீட்டில் தனித்திருக்கவேண்டும் என்று எல்லாரும் எளிதாய்ச் சொல்லிவிடுகிறார்கள். தினக்கூலிக்காரன் ஐந்து நாள் படுத்தால் ஆறாம் நாள் அடுப்பு எரிவதெப்படி? மில்லிலும் கடையிலும் வயலிலும் ஆள் வைத்திருப்பவர்கள் சுரங்கண்டவனுக்குக் கூலியோடு ஓய்வு கொடுக்காவிட்டால், அவன் அந்தச் சுரத்தோடேதான் வேலைக்கு வருவான். பக்கத்தில் நிற்கும் பத்துப் பேருக்கும் கொடுப்பான். தமிழ்நாட்டில் இக்காய்ச்சல் பெரும்பாலும் வடகிழக்கு மழைக்காலத்தில் அதிகமாகிறது. அந்த மழைக்கு முன்னமே இந்த ஓய்வுக் கூலியைத் தங்கள் முதலாளிகளிடமும், தடுப்பூசியைத் தங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்திலும் கேட்கத் தொடங்கும்படி தோழர்களை வேண்டிக்கொள்கிறோம்.