உறையின் விலையும் ஊரின் செலவும்

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியப்படும் நெகிழிப் பொருட்களுக்கு 2018 ஜூனில் அறிவிக்கப்பட்ட தடை, 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எத்தனை தடிமன் கொண்டதாயினும் நெகிழிக் கைப்பை, உணவு கட்டும் நெகிழித் தாள், உறிஞ்சுகுழல், தண்ணீர்ப் பாக்கெட், தெர்மாகோல் தட்டு, நெகிழிப் பூச்சிட்ட காகிதக் குவளை என 14 வகைப் பொருட்கள் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னரும் காய்கறித் தள்ளுவண்டியிலும் இட்லிக் கடையிலும் மீன் சந்தையிலும், கடைக்காரர்கள் ‘கவர்’ என்று சொல்லும் மெல்லிய உறை புழக்கத்தில் இருப்பதற்குச் சிறு வணிகரின் அக்கறையின்மையே காரணம் என்று முடிவுகட்டுவது எளிது. அது தவறான முடிவு. மலிவான உறையா, சூழலுக்கு இசைந்த உறையா என்ற தேர்வை அன்றாட வரும்படியில் குடும்பம் நடத்துபவரின் மனசாட்சியிடம் ஒப்படைத்துவிட்டு, உறை உற்பத்தியாகும் இடத்தையும் அதன் விலை உருவாகும் விதத்தையும் தொடாமல் விடும்வரை, இந்தத் தடை பாதித் தடையாகவே இருக்கும்.

மலிவு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கச்சா எண்ணெயிலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் கிடைக்கும் பாலித்தீன், மொத்தக் கடையில் எடைக்கணக்கில் விற்கப்படுகிறது. தாள் எவ்வளவு மெலிகிறதோ அவ்வளவு கூடுதலான உறைகள் ஒரு கிலோவில் கிடைப்பதால், ஒற்றை உறையின் விலை பைசாக் கணக்குக்கு இறங்கிவிடுகிறது. ஆனால் அதே மெலிவுதான் அந்த உறையைக் குப்பையிலிருந்து மீட்க முடியாததாக்குகிறது. பழைய பொருட்களை எடைக்குப் போட்டுப் பிழைக்கும் குப்பை சேகரிப்பாளர், ஒரு கிலோ சேர்வதற்கு நூற்றுக்கணக்கில் பொறுக்க வேண்டிய, எச்சில் சாம்பாரும் மீன்கழிவும் ஒட்டிய உறையைக் குனிந்து எடுக்கமாட்டார். அது மழைநீர் வடிகாலை அடைக்கிறது, தெரு மாட்டின் இரைப்பையில் சேர்கிறது, சென்னையின் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மலையாகக் குவிந்த குப்பையில் கலக்கிறது. வடிகாலைத் தூர்வாரவும் குப்பைமேட்டைத் தோண்டிப் பிரிக்கவும் ஆகும் செலவை வரி செலுத்தும் ஊரார் ஏற்கிறார்கள். விற்பவரும் வாங்குபவரும் கொடுக்காமல் மூன்றாமவர் தலையில் விழும் இத்தகைய செலவைப் பொருளியலில் புறச்செலவு என்பர். உறையின் விலையில் அந்தப் புறச்செலவையும் சேர்த்தால் அது மலிவான பொருளே அல்ல.

சட்டம் இந்த உண்மையை அறியாததன்று. உறையின் தடிமனை அளக்கும் மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. 2021 ஆகஸ்டில் திருத்தப்பட்ட மத்திய அரசின் நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகள், கைப்பைகளின் குறைந்தபட்சத் தடிமனை அவ்வாண்டு செப்டம்பர் 30 முதல் 75 மைக்ரானாகவும், 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானாகவும் உயர்த்தின. ஆகவே ஊதினால் பறக்கும் ஒரு பாலித்தீன் கைப்பை தமிழ்நாட்டுக் கடையில் தொங்கினால், அது இந்தியாவில் எங்கே தயாரிக்கப்பட்டிருந்தாலும் விதியை மீறித் தயாரிக்கப்பட்டதே. எந்திரம் ஓடும் பட்டறையும், மூட்டை ஏற்றும் லாரியும், மொத்தமாக இறக்கி விற்கும் கிடங்கும் எண்ணிக்கையில் குறைவு. தெருவோரக் கடைகளோ லட்சக்கணக்கில் உள்ளன. அப்படியிருக்க, பறிமுதலும் அபராதமும் தள்ளுவண்டியின் முன் தொடங்குவது நிர்வாகத்துக்கு வசதியாக இருக்கலாமே தவிர நியாயமாகாது.

மறுபுறம், சூழலுக்கு இசைந்தது என்ற பெயரில் விற்கப்படுபவை எல்லாம் அந்தப் பெயருக்குத் தகுதியானவையும் அல்ல. நாளிதழ்த் தாளில் பஜ்ஜியையும் வடையையும் கட்டிக் கொடுப்பது நெகிழியைத் தவிர்க்கிறதே ஒழிய, அச்சு மையிலுள்ள ஈயம் முதலான நச்சுப் பொருட்களை எண்ணெய்ப் பண்டத்தில் ஏற்றுகிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனது 2018ஆம் ஆண்டுப் பொதிமுறை விதிகளில் இதைத் தடைசெய்திருக்கிறது. காகிதக் குவளையின் உட்புறம் மெல்லிய நெகிழிப் பூச்சு கொண்டது. அத்தகைய குவளையில் ஊற்றிய 100 மில்லி சுடுநீரில் 15 நிமிடங்களில் ஏறத்தாழ 25,000 நுண்துகள்கள் கலப்பதாகக் கரக்பூர் ஐஐடி ஆய்வு 2020இல் காட்டியது. மட்கும் நெகிழி எனப்படும் தாவர மூலப் பைகளில் பெரும்பாலானவை, ஏறத்தாழ 58 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைத் தொடர்ந்து பேணும் ஆலைமுறை உரக்கூடத்தில்தான் முறையாக மட்கும். சாக்கடையில் வீசப்பட்டால் அவையும் நெடுநாள் கிடக்கும். துணிப்பையும் கைக்கு வந்த கணத்திலேயே புண்ணியப் பொருளாகிவிடுவதில்லை. பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட கணக்கின்படி, மறுபயன்பாடற்ற ஒரு மெல்லிய நெகிழிப் பையைவிடப் புவி வெப்பமாதல் பாதிப்பில் குறைந்திருக்க, பருத்திப் பை 131 முறையும் காகிதப் பை 3 முறையும் பயன்பட வேண்டும். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தின் பயன், வழங்கப்பட்ட பைகளின் எண்ணிக்கையில் இல்லை. வீட்டு ஆணியில் தொங்கும் பை மறுபடியும் கடைக்கு வருவதில்தான் இருக்கிறது.

எனவே உறையின் மூலப்பொருளைக் கேட்பதற்கு முன், உறை தேவைதானா என்று கேட்பதே முறை. இட்லிக் கடையை எடுத்துக்கொள்ளலாம்: ஆவி பறக்கும் சாம்பாரை மெல்லிய கவரில் ஊற்றி, வாயைத் திருகி, நூலால் நான்கு சுற்றுச் சுற்றி முடிச்சிடும் அந்தச் சில நொடி வேலைக்கு இன்று அதே விலையில் மாற்று இல்லை என்பது உண்மை. ஆனால் வாடிக்கையாளர் தூக்குவாளி கொண்டுவந்தால் மாற்றே தேவையில்லை. அவ்வாறு கொண்டுவருவோருக்கு ஒரு ரூபாய் குறைப்பதோ, ஒரு கரண்டி சட்னி கூட்டுவதோ கடைக்காரருக்கு நட்டமாகாது. இட்லியை வாழையிலையில் கட்டலாம், பூவை இலையில் பொதிந்து நாரால் கட்டலாம், அல்வாவுக்கு மந்தாரை இலை பழகிப்போன ஒன்று, கருப்பட்டிக்கு ஓலைக்கொட்டான் இருக்கிறது. இவை பழைமைப் பற்றினால் சொல்லப்படுபவை அல்ல. இன்றும் சில கடைகளில் நடப்பவை. அவை பரவாததற்குக் காரணம், கவர் மூலைக்கடையில் வேண்டும்போது கிடைப்பதும், தைத்த மந்தாரை இலையும் பாக்குமட்டைத் தட்டும் அவ்வாறு கிடைக்காததும்தான். இலை தைப்பவரும் ஓலை முடைபவரும் மகளிர் சுயஉதவிக் குழுக்களாகப் பல ஊர்களில் இருக்க, அவர்களையும் காய்கறிச் சந்தையையும் இணைக்கும் விற்பனைக் கூடம்தான் போதிய அளவில் இல்லை.

முறுக்கு, சீடை, அப்பளம் செய்து விற்கும் வீட்டுத் தொழிலின் நிலை வேறு. சுமந்து செல்லும் உறையும் கெடாமல் காக்கும் உறையும் ஒன்றல்ல. ஈரக்காற்றைத் தடுக்காத காகிதத்தில் வைத்த முறுக்கு இரண்டே நாளில் நமத்துப்போனால், அரிசியும் எண்ணெயும் விறகும் உழைப்பும் சேர்ந்து வீணாகும். காக்கும் உறைக்கு ஏற்ற மாற்று வரும்வரை அவர்களைக் குற்றவாளியாக்குவது தகாது. அதிலும், பெருநிறுவனங்களின் நொறுக்குத்தீனி வரும் பல அடுக்கு உறை, அதாவது நெகிழியும் அலுமினியமும் ஒட்டியிருப்பதால் பிரித்து மறுசுழற்சி செய்ய இயலாத உறை, இரண்டு ஆண்டுகளில் ஒழிக்கப்பட வேண்டும் என்று மத்திய அரசின் 2016 நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகள் கூறின. 2018 திருத்தமோ அதை, எரிபொருளாகவோ வேறு எவ்வகையிலோ பயன்படாத உறைகளுக்கு மட்டும் என்று சுருக்கி, கிட்டத்தட்ட யாரையும் பாதிக்காததாக்கிவிட்டது. அதே 2016 விதிகள், கைப்பை வழங்கும் கடைக்காரரும் தெரு வணிகரும் மாதம் 4,000 ரூபாய் வீதம் ஆண்டுக்குக் குறைந்தது 48,000 ரூபாய் செலுத்திப் பதிய வேண்டும் என்று கேட்டன. நடைமுறைக்கு ஒவ்வாத அந்த விதி 2018இல் நீக்கப்பட்டது. வலியவருக்கு நெகிழ்வும் எளியவருக்கு எட்டாத கட்டணமும் விதித்த சிந்தனை எப்படிப்பட்டது என்பதற்கு இந்த இரண்டு விதிகளே சான்று.

அயர்லாந்து 2002 மார்ச்சில் வேறு வழியை எடுத்தது: கட்டணத்தைக் கடைக்காரர் தலையில் வைக்காமல், பை கேட்கும் வாடிக்கையாளரிடம் ஒரு பைக்கு 15 சென்ட் வசூலிக்கச் சொன்னது, பைகளின் பயன்பாடு 90 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. உறை இலவசம் என்ற எண்ணம் வாங்குபவரிடம் இருக்கும்வரை, கொடுக்க மறுக்கும் கடைக்காரர் பக்கத்துக் கடையிடம் வாடிக்கையை இழக்கிறார். எல்லாக் கடைகளிலும் ஒரே நாளில் இலவசம் நின்றால் அந்த அச்சம் நீங்கும்.

தமிழ்நாடு அரசு, விதியை மீறி உறை தயாரிக்கும் பட்டறைகளின் மின் இணைப்பைத் துண்டித்து, மொத்தக் கிடங்குகளையும் எல்லைச் சாவடிகளையும் கண்காணிப்பில் வைக்க வேண்டும். மாநகராட்சிகளும் நகராட்சிகளும், தெரு வணிகரிடம் அபராதச் சீட்டை நீட்டுவதற்கு முன், ஒவ்வொரு சந்தையிலும் இலை, ஓலை, பாக்குமட்டைப் பொருட்களுக்கு வாடகையில்லாத ஒரு கடையை ஒதுக்க வேண்டும். உறை கேட்பவரிடம் விலை வாங்கும் நடைமுறையை வணிகர் சங்கங்கள் ஊரளவில் ஒரே நாளில் தொடங்க வேண்டும். வாங்குவோரும் பையும் பாத்திரமும் இல்லாமல் கடைக்குப் போவதை நிறுத்த வேண்டும்.