அணி யாருடையது, கடன் யாருடையது?

விளையாட்டுச் செய்திகளுக்கு இப்பத்திரிகையில் வேறு பக்கம் இருக்கிறது. இருந்தும் இவ்வாரம் அமெரிக்காவின் ஒரு சிறிய கூடைப்பந்தாட்ட லீக்கைப் பற்றி இவ்விடத்தில் எழுதுகிறேன். அந்த லீக்கின் வரலாற்றில் பந்தை விடக் கணக்குப் புத்தகத்துக்கே அதிக இடமுண்டு.

இன்னொரு காரணமும் உண்டு. இப்போது எமது ஊர்களிலும் மூலைக்கு மூலை 'பிறிமியர் லீக்' என்ற பெயரில் சுற்றுப்போட்டிகள் நடக்கின்றன. அணிகளை ஏலத்தில் விடுகிறார்கள். கடை முதலாளிமாரிடம் வந்து, "ஒரு டீமை எடுங்க ஹாஜியார், உங்கட கடைப் பெயரையே போடுவோம்" என்கிறார்கள். பிள்ளைகளின் முகத்துக்காகக் கொடுக்கிறோம். கொடுத்த காசுக்கு எமக்குக் கிடைத்தது என்ன, அணி எமதா, பெயர் எமதா, மைதானக் கூலியும் ஜேர்சி தைத்த கூலியும் பாக்கி நின்றால் அது யார் தலையில் விழும் என்று எத்தனை பேர் கேட்டிருப்போம்? கோடிக்கணக்கில் புரளும் அமெரிக்காவிலேயே இந்தக் கேள்விகளைச் சரியாகக் கேட்காமல் 50 வருடங்களுக்கு மேல் நின்ற ஒரு நிறுவனம் சாய்ந்திருக்கிறது.

அதன் பெயர் கொண்டினென்டல் கூடைப்பந்தாட்டச் சங்கம். சுருக்கமாக சி.பி.ஏ. என்பார்கள். 1946 ஏப்ரலில் பென்சில்வேனியா மாநிலத்தின் சிற்றூர்களை வைத்து வேறொரு பெயரில் தொடங்கப்பட்டது. உலகமே அறிந்த என்.பி.ஏ. லீக்கின் மூல அமைப்பு அதே வருடம் ஜூன் மாதத்தில்தான் உருவானது. அதாவது சின்னவர் பெரியவரை விட இரண்டு மாதம் மூத்தவர். 1978 இல் கொண்டினென்டல் என்ற பெயர் வந்தது.

என்.பி.ஏ.யில் இடம் கிடைக்காத வீரர்கள் இங்கே வந்து ஆடுவார்கள். அங்கே யாருக்காவது காயம் ஏற்பட்டால் பத்து நாள் ஒப்பந்தத்தில் இங்கிருந்து ஒருவரை அழைப்பார்கள். நியூயோர்க் நிக்ஸ் அணியில் பெயரெடுத்த ஜோன் ஸ்டார்க்ஸ் இவ்வழியால் போனவர். பயிற்றுநராக 11 என்.பி.ஏ. கிண்ணங்களை வென்ற பில் ஜக்சனுக்கு முதல் கிண்ணம் கிடைத்ததும் இங்கேதான், 1984 இல், அல்பனி என்ற ஊரின் அணியோடு.

எமக்குத் தேவையானது அதன் உரிமை முறை. அப்பிள் விளையும் யாக்கிமா, தென் டக்கோட்டாவின் சூ ஃபோல்ஸ், இல்லினோயின் ரொக்ஃபோர்ட் என்று பெரும்பாலும் நடுத்தர ஊர்கள். ஒவ்வோர் அணிக்கும் தனித்தனி முதலாளி. லாபமும் நட்டமும் அவரவருடையது. பல அணிகள் நட்டத்தில்தான் ஓடின. வருடத்துக்கு வருடம் ஊர் மாறிய அணிகளும், இடையில் மூடப்பட்ட அணிகளும் ஏராளம். ஆனால் ஓர் அணி விழுந்தால் அந்த அணி மட்டுமே விழுந்தது. லீக் அடுத்த வருடம் இன்னோர் ஊரைத் தேடிக்கொண்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஒழுங்கற்ற முறையாகத்தான் தெரியும். எமது புறக்கோட்டையும் அப்படித்தான் தெரிகிறது. ஒரு கடை மூடும், பக்கத்துக் கடை திறந்திருக்கும், சந்தை ஓடிக்கொண்டேயிருக்கும்.

1999 ஆகஸ்டில் இந்த ஒழுங்கு மாறியது. டெட்ரொயிட் பிஸ்டன்ஸ் அணிக்கு 1989 இலும் 1990 இலும் கிண்ணம் வென்று கொடுத்த ஐசையா தோமஸ், லீக்கை முழுமையாகத் தனக்குத் தரும்படி கேட்டார். ஓர் அணியை மட்டுமல்ல, ஒன்பது அணிகளையும், பெயரையும், அலுவலகத்தையும் சேர்த்து. விலை 10 மில்லியன் டொலர். முதலாளிமார் சம்மதித்தார்கள். ஒக்டோபரில் கைச்சாத்தானது. பாதிப் பணம் கைமேல் வந்தது. மீதியை நான்கு தவணைகளில் தருவதாக ஏற்பாடு.

இவ்விடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கெய்சர் வீதியில் முப்பது வருடம் புடைவைக் கடை நடத்திய ஒருவர், பாதிப் பணத்தை வாங்கிக்கொண்டு, மீதியைத் தவணைக்கு விட்டு, சாவியைக் கொடுத்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நிமிடத்திலிருந்து அவர் முதலாளியல்லர், கடன் கொடுத்தவர். அவருடைய மீதிப் பணம் வாங்கியவரின் திறமையில் தங்கியிருக்கிறது. கடையில் சரக்கு எப்படி வருகிறது, யாருக்குக் கடனில் போகிறது, வேலையாட்களுக்குச் சம்பளம் போகிறதா என்று கேட்க அவருக்கு இனி வாயில்லை. நட்டம் மட்டும் அவரையும் தேடி வரும். எமது வியாபாரிகளில் பலர் இப்படித்தான் விற்கிறார்கள், அதுவும் பேச்சளவில். கடனை எழுதிக்கொள்ளுமாறு கட்டளையிடும் வசனம்தான் அல்குர்ஆனின் ஆக நீண்ட வசனம் என்பது தெரிந்தும் அப்படிச் செய்கிறோம். அமெரிக்க முதலாளிமார் எழுதித்தான் கொடுத்தார்கள். ஆனால் எழுதியதனால் மட்டும் வாங்கியவரின் பெட்டியில் காசு நிறைந்துவிடாது.

தோமஸின் திட்டத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒன்பது முதலாளிகள் ஒன்பது விதமாகச் செலவழிப்பதை விட ஒரே நிறுவனமாக நடத்தினால் செலவு குறையும், என்.பி.ஏ.யுடன் ஒரே குரலில் பேரம் பேசலாம், பெரிய அனுசரணையாளர்களைப் பிடிக்கலாம். கணக்குப் படித்த எவரும் இதைத்தான் சொல்வார்கள். செலவைக் குறைக்க அவர் கைவைத்த இடங்களில் ஒன்று வீரர்களின் சம்பளம். வாரத்துக்குச் சராசரியாக 1,500 டொலராக இருந்தது 1,100 டொலராக இறங்கியது. இளைய வீரர்களைக் கொண்டுவரவே இது என்று சொல்லப்பட்டது. செலவைக் குறைக்க வரும் புதிய முதலாளியின் கண் முதலில் எங்கே போகும் என்பதற்கு அமெரிக்காவும் மாளிகாவத்தையும் ஒன்றுதான்.

எனக்குப் பெரிதாகப் படும் பிழை வேறு. முன்பு யாக்கிமா அணியின் கடன் யாக்கிமா முதலாளியின் கடன். இப்போது ஒன்பது ஊர்களின் மண்டப வாடகையும், பேருந்தும், விமானச் சீட்டும், ஹோட்டல் பில்லும் ஒரே பையிலிருந்து போக வேண்டும். அந்தப் பை கிழிந்தால் ஒன்பது ஊரிலும் ஒரே நாளில் விளக்கணையும். செலவைச் சேர்த்து மலிவாக்கும்போது ஆபத்தும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகிறது.

2000 மார்ச்சில் என்.பி.ஏ.யே லீக்கை வாங்க முன்வந்தது. 11 மில்லியன் டொலரும் லாபத்தில் ஒரு பங்கும் தருவதாகச் சொன்னது. வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை, போட்டதற்கு மேல் ஒரு மில்லியன். தோமஸ் மறுத்துவிட்டார். அதை வைத்து அவரை முட்டாள் என்று எழுதியவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். இன்னும் கூடும் என்று சரக்கைப் பிடித்து வைத்திருந்து, விலை விழுந்தபின் விற்ற அனுபவம் இல்லாத மிளகு வியாபாரி யார்? ஆனால் விலை கேட்டு வந்தவர் யார் என்பதை அவர் யோசித்திருக்க வேண்டும். அந்த லீக்கின் பெரிய வாடிக்கையாளரே என்.பி.ஏ.தான். இருக்கும் ஒரே பெரிய வாடிக்கையாளர் உங்கள் கடையை விலைக்குக் கேட்டு, நீங்கள் இல்லை என்றால், அவர் அடுத்ததாகச் செய்யப்போவது பக்கத்தில் சொந்தக் கடை போடுவதுதான்.

அதுவே நடந்தது. அதே வருடம் என்.பி.ஏ. தனக்கென ஒரு வளர்ச்சி லீக்கை 2001 இல் தொடங்கப்போவதாக அறிவித்தது. அது இன்று 'ஜி லீக்' என்ற பெயரில் நடக்கிறது. ஒரே ஒரு சுப்பர்மார்க்கட்டுக்கு மட்டும் சாமான் கொடுத்துப் பழகியவர்களுக்கும், ஒரே ஒரு கார்மண்ட் கம்பனிக்கு மட்டும் தைத்துக் கொடுத்தவர்களுக்கும் இந்த இடத்தில் விளக்கம் தேவைப்படாது.

அதற்குள் இந்தியானா பேசர்ஸ் அணி தோமஸைப் பயிற்றுநராக அழைத்தது. என்.பி.ஏ. பயிற்றுநர் ஒருவர் வேறொரு லீக்கின் உரிமையாளராக இருக்க விதி இடம்கொடுக்காது. தராசும் பிடித்து, சரக்கும் விற்று, விலையும் தீர்ப்பதை எந்தச் சந்தையும் ஏற்காது அல்லவா? வீரர்களின் தொழிற்சங்கத்துக்கு லீக்கை விற்க ஓர் எண்ணக் கடிதம் கைச்சாத்தானது. விற்பனை நிறைவேறவில்லை. எண்ணக் கடிதம் கல்யாணப் பேச்சு மாதிரி. அதை நம்பி மண்டபம் பதிவு செய்யலாம், பிள்ளையை அனுப்ப முடியாது.

அவர் பயிற்றுநர் பதவியை ஏற்றார். 2000 ஒக்டோபரில் லீக் ஒரு நம்பிக்கைப் பொறுப்பின் கீழ் வைக்கப்பட்டது. உரிமையாளர் தலையிடாமல் வேறொருவர் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. நாம் அமானிதம் என்போம். ஆனால் அமானிதமாகக் கொடுத்த மாட்டுக்குத் தீனிக் காசையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். லீக்கை நடத்தப் போதிய பணம் அந்தப் பொறுப்பில் இருக்கவில்லை. சட்டப்படி ஓர் உரிமையாளர் இருந்தார், பில்லை நீட்ட முடிந்த உரிமையாளர் எவருமில்லை.

2001 பெப்ரவரி 8 ஆம் திகதி, பருவத்தின் நடுவில், ஆட்டம் நின்றது. அம்மாதமே லீக் வங்குரோத்தாகி நீதிமன்றம் போனது. விற்பனைக்குச் சம்மதம் சொன்ன நாளிலிருந்து 18 மாதங்கள். 53 வருடங்கள் நட்டத்தோடும் லாபத்தோடும் நின்ற ஒன்று 18 மாதத்தில் விழுந்தது. பழைய முதலாளிமாரிடம், பெயரளவு விலைக்கு, கடனோடு சேர்த்து உங்கள் அணியைத் திருப்பி எடுங்கள் என்று சொல்லப்பட்டது. சிலர் எடுத்தார்கள். ஐந்து அணிகள் வேறொரு சிறு லீக்கில் சேர்ந்தன. அந்த லீக்கும் அதே வருடம் மூடப்பட்டது வேறு கதை. யாக்கிமா போன்ற ஊர்களில் எடுக்க ஆளிருக்கவில்லை. பருவச் சீட்டுக்கு முன்பணம் கட்டியவர்கள், மண்டபக்காரர், அச்சகக்காரர், வாரச் சம்பளத்தை நம்பி வீடு வாடகைக்கு எடுத்த வீரர்கள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். வங்குரோத்து வரிசையில் சின்னவர் எந்த இடத்தில் நிற்பார் என்று இப்பத்தி வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தோமஸ் ஒருவர் மீதே முழுப் பழியையும் போடுபவர்களோடு நான் உடன்படவில்லை. ஒன்பது முதலாளிமாரும் குழந்தைகளல்லர். ஒரு நட்சத்திரத்தின் பெயரைப் பார்த்து, அவருடைய கையில் ஒன்பது ஊர்களின் செலவைத் தாங்கும் நடைமுறை மூலதனம் எவ்வளவு என்று அழுத்திக் கேட்காமல் சாவியைக் கொடுத்தவர்கள் அவர்களே. ஆட்டக்களத்தில் பந்தைக் கடத்தத் தெரிந்தவருக்குக் காசோலையைக் கடத்தவும் தெரியும் என்று எண்ணியது அவர்களின் பிழை.

எங்கள் நாட்டில் நடந்ததையும் மறக்க வேண்டாம். 2012 இல் ஏழு அணிகளோடு பெரும் ஆரவாரத்துடன் ஸ்ரீலங்கா பிறிமியர் லீக் கிரிக்கெட் நடந்தது. சந்தைப்படுத்தும் உரிமை சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றிடமும், அணிகள் வெளிநாட்டு முதலீட்டாளர்களிடமும் இருந்தன. அடுத்த வருடம் அணி உரிமையாளர்கள் நிதிக் கடப்பாடுகளை நிறைவேற்றாததால் போட்டி கைவிடப்பட்டது. ஒரே பருவத்தோடு சரி. அங்கே அணிகளுக்கு ஊவா, வயம்ப என்று மாகாணப் பெயர்கள் இருந்தன. அந்த மாகாணத்து வியாபாரி ஒருவராவது அதில் முதலாளியா என்று அன்றே கேட்டிருக்கலாம்.

ஆகவே அணி எடுக்கச் சொல்லி வருபவர்களிடம் நான் கேட்பவை இவை. லீக்கின் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? இந்த வருடம் போட்டி நின்றுபோனால் பணம் திரும்புமா, யாரிடமிருந்து? லீக்கின் வருமானம் சீட்டு விற்பனையிலும் அனுசரணையிலும் வருகிறதா, இல்லை அடுத்து வரும் புது அணியின் நுழைவுக் கட்டணத்தில் வருகிறதா? கடைசிக் கேள்விக்குப் பதில் இழுபட்டால் நான் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவேன். பார்வையாளரிடம் சம்பாதிக்காமல் புதிதாகச் சேர்பவரிடம் சம்பாதிக்கும் எந்த வியாபாரத்துக்கும் ஆள் சேர்வது நிற்கும் நாள்தான் முடிவு நாள்.

நீதிமன்றத்திலிருந்து சி.பி.ஏ. என்ற பெயரை மீட்டு, 2001 இறுதியில் சில அணிகள் மீண்டும் ஆடத் தொடங்கின. பழைய முறையில், ஊருக்கு ஒரு முதலாளி. ஆனால் அதற்குள் பெரிய வாடிக்கையாளர் போய்விட்டார். 2006 இல் நல்ல அணிகள் சில என்.பி.ஏ.யின் வளர்ச்சி லீக்குக்கு மாறின. 2009 பெப்ரவரியில் மிஞ்சியிருந்தவை நான்கே அணிகள். பருவத்தைப் பாதியில் முடித்து, இறுதிப் போட்டியை மட்டும் ஆடிவிட்டுக் கதவை மூடினார்கள்.

2006 இல் மாறிய சூ ஃபோல்ஸ் அணி அதே ஊரில், 1989 இல் வைத்த அதே பெயரோடு இன்றும் ஆடுகிறது. அதன் செலவைப் பார்ப்பது இப்போது மியாமி ஹீட் என்ற என்.பி.ஏ. அணி.