அன்னையர் குரலும் அரங்கேறட்டும்



ஆண்டு விழா நெருங்குகிறது. "இம்முறை எந்த நாடகம்?" என்று நாடகக் குழுவினர் கூடிப் பேசத் தொடங்கிவிட்டனர். சேரனையும் சோழனையும் மூன்றாண்டுகளாக மாறி மாறி மேடையேற்றிவிட்டோம். அட்டைக் கிரீடங்களில் ஒட்டிய பொன்தாள் கூட உரிந்து போயிற்று. இவ்வாண்டு மன்னர்களுக்கு ஓய்வு கொடுப்போம் என்பது என் கருத்து. நம்மைப் பெற்று வளர்த்த தாய்மார்களுக்கு நாற்பத்தைந்து வயதையொட்டி ஒரு மாற்றம் நேர்கிறது. மாதவிடாய் படிப்படியாகக் குறைந்து நின்றுபோகிறது. அக்காலத்தில் அவர்கள் படுவதையும் நினைப்பதையும் அவர்களுடைய சொற்களைக் கொண்டே நாடகமாக்குவோம். நாற்பது நிமிடம் போதும். இதைப் படித்ததும் பக்கத்தைப் புரட்ட எண்ணும் ஆண் நண்பர்களே, சற்றுப் பொறுங்கள். உங்களுக்கும் தாயார் உண்டு.

"இதெல்லாம் மேடைக்கு ஆகுமா?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். ஆகும் என்று நான் சொல்வானேன்? நாம் வந்து குடியேறிய இந்த மண்ணே சொல்கிறது. சித்தூர்ச் சீமையின் தருமராசர் கோயில்களில் பதினெட்டு நாள் பாரத விழா நடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பகலில் கதை, இரவில் கூத்து. துகிலுரியும் இரவில் துரௌபதி சபைக்கு வர மறுக்கிறாளே, என்ன காரணம் சொல்லி மறுக்கிறாள்? தான் விலக்காகி, ஒற்றை ஆடையோடு இருப்பதாகச் சொல்லித்தான். கிழவர்கள் கேட்கிறார்கள், குழந்தைகள் கேட்கிறார்கள், ஊர்ப் பெரியவர்களும் பாயில் அமர்ந்து கேட்கிறார்கள். ஒருவரும் முகம் சுளித்து எழுந்து போவதில்லை. அருச்சுனன் தபசு நாளன்று வேடதாரி உயர்ந்த தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் ஈரச் சேலையோடு மரத்தடியில் குப்புறப் படுத்துக் கிடப்பார்கள். மேலிருந்து எலுமிச்சம்பழம் விழும். நம் கூத்தில் விலக்குக்கு இடமுண்டு, பிள்ளைப் பேற்றின் ஏக்கத்துக்கும் இடமுண்டு.

மேடையை விட்டு வீட்டுக்கு வருவோம். பெண் பெரியவளானாள் என்றால் பந்தல் போடுகிறோம், ஒலிபெருக்கி கட்டுகிறோம், மஞ்சள் நீராட்டு என்று அழைப்பிதழ் அச்சடிக்கிறோம். அது வந்ததை ஊருக்கே சொல்லி அழைக்கும் நாம், அது போவதை ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களிடம் கூடச் சொல்வதில்லை. வரும்போது மேளதாளத்தோடு வரவேற்ற விருந்தாளியை, போகும்போது வாசல் வரை வந்து வழியனுப்பவும் ஆளில்லை.

மே மாதத்தில் நடக்கும் தாத்தய்யகுண்டா கங்கம்மன் சாத்திரையையும் இங்கே நினைவூட்ட வேண்டும். அந்த ஒரு வாரம் திருப்பதி வீதிகளில் ஆடவர்கள் சேலை உடுத்தி, பூச்சூடி, வளையல் குலுங்க வருவார்கள். மீசையை மழித்துக்கொண்டவரும் உண்டு, மீசையோடு பொட்டிட்டவரும் உண்டு. யாரும் அதை வேடிக்கை என்று எண்ணுவதில்லை, அது நேர்த்திக்கடன். ஆண்கள் பெண்வேடம் பூண்டு தெருவில் நடப்பதைப் பக்தியாகக் கொண்டாடும் ஊரில், ஒரு பெண் மேடையில் நின்று தன் உடலைப் பற்றித் தானே பேசினால் மட்டும் நாணக்கேடு ஆகிவிடுமா?

நாங்கள் ஆரணிப் பக்கத்துக் குடும்பம். தந்தையாரின் வேலையை முன்னிட்டுப் பதினோராண்டுகளுக்கு முன் இங்கு வந்தோம். என் தாயாருக்கு நாற்பத்தாறு வயதில் இது தொடங்கியது. மார்கழிக் குளிரில் அப்பா போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டிருப்பார். அம்மா நள்ளிரவில் எழுந்து மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "நெஞ்சிலிருந்து உச்சந்தலைக்கு யாரோ வெந்நீரை ஏற்றுகிறாற்போல் இருக்கிறது" என்பார். விலக்கும் சில மாதம் வராது, வந்தால் நிற்காது. ஒரு தனியார் மருத்துவமனைக்குச் சென்றார். அம்மாவுக்குத் தெரிந்த தெலுங்கு காய்கறிக் கடைக்குப் போதுமே தவிர, மருத்துவரிடம் சொல்லப் போதாது. ஐந்து நிமிடத்தில் பேச்சு முடிந்தது. "கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், இனி அது எதற்கு?" என்றார்களாம். வீட்டுக்கு வந்த அம்மா அதை அப்பாவிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொன்னார். அந்த அம்மாளுக்கு முப்பத்து நான்கு வயதிலேயே எடுத்தாயிற்றாம். அவர் வழியாகத்தான் செய்தி எனக்கு எட்டியது. பிறகு வேறொரு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார், சோதித்தார், அறுவைக்கு அவசியமே இல்லை என்று சொல்லி மருந்து கொடுத்தார்.

இதை ஒரு வீட்டுக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2015-16-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் கருப்பை நீக்கப்பட்டவர்கள் இந்தியா முழுமைக்கும் நூற்றுக்கு மூவரைச் சற்றே தாண்டுகிறார்கள். ஆந்திரத்திலோ ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பேர்! மாநிலங்களுள் இதுவே முதலிடம். 2019-21 ஆய்விலும் பெரிய மாற்றமில்லை. தேவையற்ற கருப்பை நீக்கத்தைக் கண்காணிக்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவிட நேர்ந்தது. கருப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், இயற்கை சில ஆண்டுகளில் மெல்ல மெல்லச் செய்யும் மாற்றம் ஒரே நாளில் நேர்ந்துவிடும். எலும்பு விரைவில் தேய்கிறது, இதயத்துக்கும் கேடு. இத்தனைக்கும் வழிவகுப்பது எது? மருத்துவரின் பேராசை ஒன்றை மட்டும் குற்றம் சாட்டினால் போதாது. "எனக்கு நேர்வது என்ன?" என்று கேட்கத் தெரியாமல், கேட்கச் சொல்லும் இல்லாமல், நாம் நம் தாய்மார்களை மருத்துவமனைக்கு அனுப்புகிறோமே, அதுவும் சேர்ந்துதான்.

சொல்லில்லை என்றேன். முழுதும் சரியன்று. வீட்டில் "தலைக்கு ஊற்றிக்கொள்வது நின்றுபோயிற்று" என்பார்கள். தெலுங்கில் "முட்லுடுகு" என்பதைக் கொண்டு சொல்வார்கள். உடுகுதல் என்றால் ஓய்தல். முட்டு என்பது நமக்கும் பழைய சொல்தான். இரு மொழிகளும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று மேடையில் முழங்குகிறோம். தாயின் வயிற்றைப் பற்றிய சொல்லை மட்டும் இரண்டிலும் வாய்க்குள்ளேயே வைத்திருக்கிறோம்.

விலங்கியல் மாணவி என்பதால் அறிவியலையும் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் பத்து முதல் இருபது இலட்சம் வரை கருமுட்டைகள் இருக்கின்றன. புதிதாக எதுவும் பின்னர் உண்டாவதில்லை. இருப்பவை குறைந்துகொண்டே வருகின்றன. அவை தீரத் தீர ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பும் குறைகிறது. மூளையின் அடியில் உடல் வெப்பத்தைக் காக்கும் பகுதி ஒன்றுண்டு, இஸ்திரிப் பெட்டியின் தெர்மோஸ்டாட்டைப் போல. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் அது தடுமாறுகிறது. சிறு வெப்பத்தையும் பெரு வெப்பமாகக் கொண்டு, இரத்தக் குழாய்களை விரித்து, வியர்வையைப் பெருக்குகிறது. அம்மா சொன்ன வெந்நீர் இதுதான். தொடர்ந்து பன்னிரண்டு மாதம் விலக்கு வராவிட்டால் நின்றுவிட்டது என்று கொள்வர். நம் நாட்டுப் பெண்களுக்கு இது சராசரியாக நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயதில் நேர்கிறது. மேலை நாட்டினருக்கு ஐம்பத்தொன்றை ஒட்டி. நின்று ஓராண்டு ஆனபின் மீண்டும் உதிரம் கண்டால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். இந்த ஒரு செய்தியாவது நாடகத்தில் ஒலிக்க வேண்டும்.

உயிரினங்களில் இம்மாற்றத்துக்குப் பின் நெடுநாள் வாழ்பவை மிகச் சில. ஓர்க்கா என்னும் திமிங்கில இனம் அவற்றுள் ஒன்று. சால்மன் மீன் அரிதாகும் ஆண்டுகளில் கூட்டத்துக்கு முன்னே நீந்தி வழிகாட்டுபவை, ஈனும் பருவம் கடந்த முதிய பெண் திமிங்கிலங்களே என்று 2015-இல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். "இனி அது எதற்கு?" என்று கேட்டவரிடம் இதைச் சொல்லத் தோன்றியது எனக்கு!

"மருத்துவர் ஒருவரை அழைத்துச் சொற்பொழிவு வைத்தால் போதாதா?" என்பது அடுத்த கேள்வி. வைக்கலாம், வைத்தும் இருக்கிறார்கள். படம் காட்டுவார், விளக்குவார், முடிவில் "ஏதேனும் ஐயம் உண்டா?" என்பார். ஒரு கையும் உயராது. நாடகத்தில் அப்படியன்று. மேடையில் ஒரு பெண் நள்ளிரவில் எழுந்து துண்டை நனைக்கிறாள் என்று வையுங்கள். மூன்றாம் வரிசையில் ஒரு தாயார் தம்மை அறியாமல் சிரித்துவிடுவார். பக்கத்தில் இருப்பவர் திரும்பி, "உனக்குமா?" என்பார். அந்த "உனக்குமா"வுக்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். அது சொற்பொழிவில் பிறக்காது. கைப்பேசியில் தனியே பார்க்கும் காட்சியிலும் பிறக்காது. அருகே ஆள் வேண்டும்.

வெளிநாட்டில் இது நடந்திருக்கிறது. 2001-இல் அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில், முன்னர் வாசனைப் பொருள் கடையாக இருந்த எழுபத்தாறு இருக்கை அரங்கில், ஜீனி லிண்டர்ஸ் எழுதிய "மெனோபாஸ் தி மியூசிக்கல்" என்ற இசை நாடகம் தொடங்கியது. கடையில் தள்ளுபடி விற்பனைக்கு வந்த நான்கு பெண்கள் உள்ளாடைக்குச் சண்டையிட்டு, பின் தங்கள் வியர்வையையும் மறதியையும் தூக்கமின்மையையும் பழைய திரைப்பாட்டு மெட்டுகளைப் போலப் பழகிய மெட்டுகளில் பாடித் தோழிகளாவார்கள். அவ்வளவுதான் கதை. பல நாடுகளுக்குப் பரவி ஆண்டுக்கணக்கில் ஓடியது. இலக்கியச் சிறப்பு அதில் அதிகமில்லைதான். கூட்டம் இலக்கியத்துக்காக வரவில்லையே!

நம் பக்கம் வழி சற்றுக் கரடுமுரடு. பெண்களிடம் பேசிக் கேட்டவற்றைக் கொண்டு ஈவ் என்ஸ்லர் 1996-இல் உருவாக்கிய தனிமொழி நாடகத்தை 2004-இல் சென்னையில் நடத்தக் காவல்துறை அனுமதி மறுத்தது. ஆனால் அதற்கு முன்பே, 1990-களில், அ. மங்கை பெண்சிசுக் கொலையைப் பற்றிய "பச்ச மண்ணு" நாடகத்தைத் தமிழகச் சிற்றூர்களுக்குக் கொண்டு சென்றார். பூப்பு, திருமணம், பிள்ளைப்பேறு என்று பெண்ணின் வாழ்க்கைச் சடங்குகளையே அதற்கு வடிவமாக்கிக்கொண்டார். அந்த வரிசையில் அடுத்து வர வேண்டியதற்குத்தான் சடங்கே இல்லை. சடங்கில்லாததற்கு நாடகமாவது இருக்கட்டுமே.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் நாடகங்களிலும் படங்களிலும் வந்த சிடுசிடு மாமியாரை எண்ணிப் பாருங்கள். பாத்திரத்தை எறிவாள், மருமகளை ஏசுவாள், அவையோர் கைதட்டுவர். அவளுக்கு வயதென்ன? மகனுக்கு இருபத்தைந்து என்றால் அவளுக்கு நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு. மூன்று மாதமாக அவள் உறங்கினாளா என்று எந்த ஆசிரியராவது கேட்டதுண்டா? நாமும் அவளையே மறுபடி கொண்டுவந்து நிறுத்திச் சிரிக்க வைத்தால் நாடகம் போடாமலிருப்பதே மேல். அதற்காகப் பெண்ணின் கோபம் எல்லாமே சுரப்பியின் வேலை என்று சொல்லிவிடவும் கூடாது. நியாயமான கோபத்தைக் கூட "வயசுக் கோளாறு" என்று தள்ளிவிடப் பலர் காத்திருக்கிறார்கள்.

"விழாவுக்குப் பெற்றோரெல்லாம் வருவார்களே!" என்று தயங்குகிறார்கள். வரட்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். தந்தைமார் இல்லாத அரங்கில் இதைப் போட்டு என்ன பயன்? ஆண்களைத் தனி வரிசையில் உட்கார வைக்கவும் வேண்டாம். உரையாடல் நம் வீடுகளில் பேசுவது போலத் தமிழும் தெலுங்கும் கலந்தே இருக்கட்டும். செந்தமிழ் நடை அரசர் நாடகத்துக்கு ஆகும், நள்ளிரவுத் துண்டுக்கு ஆகாது. தலையில் வெண்பொடி தூவிய இருபது வயது மாணவி அம்மாவாக நடிப்பதையும் விட்டுவிடலாம். விடுதிச் சமையற்கூடத்தில் இருக்கும் அக்காமார்களில் இருவர் நடிக்க இசைந்திருக்கிறார்கள். ஒருவர் குரல் கணீரென்று இருக்கும், ஒலிபெருக்கி தேவைப்படாது.

தாய்மார்களிடம் கேட்டு எழுதுவதற்கு ஒவ்வொருவரும் தம் வீட்டில் தொடங்கலாம். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். அவர்கள் சொன்ன சொல் மாறாமல் வேண்டும். என் தாயார் சொன்னதை ஆறு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் பத்துப் பதினைந்து பேர் சொன்னது கிடைத்தால் ஒரு மாதத்தில் நாடகம் உருப்பெறும். தெலுங்கு நன்கு எழுதத் தெரிந்த ஒருவரும், மிருதங்கமோ தபேலாவோ வாசிக்கும் ஒருவரும் தேவை. ஆண்களும் வரலாம், அப்பா வேடத்துக்கும், ஐந்து நிமிடத்தில் பேசி முடிக்கும் மருத்துவர் வேடத்துக்கும் ஆளில்லை. விருப்பமுள்ளோர் மன்றச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.