ஓடும் நிரலில் ஒரு கொக்கி

திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்துப் பட்டறைகளில் மின்பணியாளர் கையில் இடுக்கி போன்ற ஒரு கருவியைப் பார்த்திருப்பீர்கள். 'கிளாம்ப் மீட்டர்' என்பார்கள். ஓடும் மோட்டாரை நிறுத்த வேண்டாம்; கம்பியை அறுத்து அம்மீட்டரை இணைக்கவும் வேண்டாம். ஒரு கம்பியை அதன் வாயில் கவ்வவிட்டால் போதும். மின்னோட்டம் கம்பியைச் சுற்றி உண்டாக்கும் காந்தப்புலத்தைக் கொண்டே ஆம்பியரைச் சொல்லிவிடும். (போகும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் சேர்த்துக் கவ்வினால் சுழியே காட்டும். ஏன்? யோசியுங்கள்.)

கணினி நிரலையும் இவ்வாறு கவ்வ முடியும். ஜாவா, பைத்தான் போன்ற மொழிகளில் எழுதிய நிரல், ஓடும்போது தன் உறுப்புகளின் பெயர்ப்பட்டியலையும் உடன் வைத்திருக்கிறது. "உன்னிடம் என்னென்ன செயற்கூறுகள் உள்ளன?" என்று கேட்டால் பதில் தரும். இவ்வசதிக்கு 'ரிஃப்ளெக்ஷன்' என்று பெயர், தற்பார்வை எனலாம். பைத்தானில் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு பெயருக்குரிய செயற்கூறை எடுத்துவிட்டு நம்முடையதை அங்கே மாட்டலாம். ஜாவாவில் அதற்கு வேறொரு துணை வசதி உண்டு. மூல நிரலில் ஓர் எழுத்தும் மாறாது.

இது வெறும் வித்தையன்று. 2021 டிசம்பரில், ஜாவா நிரல்கள் பல நடப்புக் குறிப்பு எழுதப் பயன்படுத்தும் 'லாக்ஃபோர்ஜே' என்ற தொகுப்பில் பெரும் ஓட்டை வெளிப்பட்டது. வெளியார் அனுப்பும் ஒரு வரியைக் குறித்துவைக்கும்போதே, அவர்களுடைய நிரலை வரவழைத்து இயக்கிவிடும் ஓட்டை! அமேசான் பொறியாளர்கள் ஒரு கொக்கியை வெளியிட்டார்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குள் புகுந்து, பழுதான செயற்கூறு எதையும் தேடாமல் ஒரே சொற்றொடரைத் திருப்பித் தரும்படி அது மாற்றியது.

ஆனால் கொக்கியிலேயே குறை இருந்ததை 2022 ஏப்ரலில் பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 'ஜாவா' என்று பெயர் சூட்டிக்கொண்ட எதையும் அது நம்பி, உயர் அதிகாரத்தோடு இயக்கிவிட்டது. திருத்திய பதிப்பும் வந்தது.

இத்தகைய உத்திகளை மாணவருக்குச் சொல்லக்கூடாது என்பார் உண்டு. நான் அக்கட்சியில் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானை வைத்துவிட்டு அதன் உள்ளே எட்டிப் பார்க்காதே என்பது என்ன நியாயம்? 'மேத்' தொகுதியின் வர்க்கமூலச் செயற்கூறுக்குப் பதில், "எத்தனை முறை அழைத்தார்கள்" என்று எண்ணிவிட்டுப் பழையதையே அழைக்கும் ஒன்றை மாட்டிப் பாருங்கள். நீங்கள் எழுதிய நிரலில் மட்டும். பிறர் நிரலில் அனுமதியின்றிக் கை வைப்பது திருட்டுத்தனம். பிறகு நிரலை நிறுத்தி, கொக்கி மாட்டும் வரிகள் இல்லாமல் மறுபடி இயக்குங்கள். கொக்கி போயிருக்கும், மூல நிரலில் பிழை இருந்தால் அது இருந்த இடத்திலேயே இருக்கும்.