லாரிக்கு மட்டும்தான் பயமா?

இருங்காட்டுக்கோட்டையில் பெங்களூர் நெடுஞ்சாலையைக் கடப்பவர்கள் கன்டெய்னர் லாரி வந்தால் நின்றுவிடுகிறார்கள். கார் என்றால் கையைக் காட்டிக்கொண்டே ஓடுகிறார்கள். சின்ன வண்டிதானே என்ற நினைப்பு! எனக்கு இது சரியாகப் படவில்லை.

பள்ளியில் படித்ததுதான். இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி வருவது. நிறை இரண்டு மடங்கானால் ஆற்றலும் இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானாலோ நான்கு மடங்கு! 25 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து வரும் 16 டன் லாரியும் 100 கி.மீ. வேகத்தில் வரும் 1 டன் காரும் ஆற்றலில் சமம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரமும் இதே வர்க்கக் கணக்கில்தான் நீளும்.

இதே ஊரில் 1990 முதல் மோட்டார் பந்தயத் தளம் இருக்கிறது. அங்கே ஓடுபவை லாரியைவிட எவ்வளவோ லேசான வண்டிகள். ஆனாலும் ஓரத்தில் டயர் அடுக்குகள், ஓட்டுபவருக்கு ஹெல்மெட், கூட்டத்துக்குத் தடுப்பு. வெளியே நெடுஞ்சாலையில் காருக்கும், ஷிப்ட் முடிந்து கடக்கிற தொழிலாளிக்கும் நடுவே என்ன இருக்கிறது?

80-இல் இருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. ஆற்றல் பாதிக்கும் மேல் கூடிவிடுகிறது. "சும்மா இருபதுதானே ஏத்தினேன்" என்பவர்களை லைசென்ஸ் தேர்வில் எட்டுப் போடச் சொன்னால் மட்டும் போதாது, இந்தக் கணக்கையும் போடச் சொல்ல வேண்டும் என்பேன்.