அரிக்கமேடு கேட்கும் கேள்வி

புதுவைக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், காக்காயந்தோப்பை அடுத்து ஒரு மேடு உண்டு. மாமரங்கள் நிற்கின்றன, இடிந்த செங்கற்சுவர் நிற்கிறது. அச்சுவரும் பழந்தமிழர் எழுப்பியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டுப் பாதிரிமார் கட்டியது! அகழ்ந்த குழிகளோ மீண்டும் மண்மூடிக் கிடக்கின்றன. காணச் செல்லும் இளைஞன், "இவ்வளவுதானா?" என்று திரும்புகிறான்.

இவ்வளவுதானா, தோழர்களே?

1945இல் மார்ட்டிமர் வீலர் இங்கே அகழ்ந்தார். இத்தாலி நாட்டு மட்கலம் கிடைத்தது. மது வந்த சாடி கிடைத்தது. தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்தன. பழைய கிரேக்கக் கடல்வழி நூல் கூறும் 'பொதுகே' துறைமுகம் இதுவே என்பர் அறிஞர்.

ஆனால், வீலர் தீட்டிய சித்திரம் எத்தகையது? எளிய மீனவர் குப்பம், மேலை நாட்டுச் சரக்கு வந்தது, வாழ்வும் வந்தது! நம்மவரும் மகிழ்ந்தனர். ரோமாபுரியான் கால்பட்டதே பெருமை எனக் கொண்டனர்.

1989 முதல் 1992 வரை விமலா பெக்லி, சென்னைப் பல்கலைக்கழகத்தாருடன் மீண்டும் அகழ்ந்தார். சித்திரம் சிதைந்தது! ரோமானியச் சரக்கு வருமுன்பே இவ்வூர் இருந்தது. அவ்வணிகம் தளர்ந்த பின்னும் வாழ்ந்தது. கண்ணாடியை உருக்கி, குழலாக இழுத்து, நறுக்கி, மணியாக்கினர் இவ்வூர்த் தொழிலாளர். எளிய குப்பமா இது? தொழிற்கூடம்! வந்தவன் வாங்க வந்தான், வாழ்வளிக்க வரவில்லை.

வெள்ளையர் குறைத்து மதிப்பிட்டது ஒருபுறம் இருக்கட்டும். நம் சாத்திரங்கள் செய்ததென்ன? கடற்பயணம் செய்தவனைச் சிராத்த விருந்துக்கு ஆகாதவர் வரிசையில் நிறுத்தியது மனுநூல். கடற்செலவைச் சாதி கெடுக்கும் குற்றங்களுள் வைத்தது போதாயனம். கடல் தந்த பொன்னுக்குத் தீட்டில்லை; கடலில் இறங்கியவனுக்குத் தீட்டு! என்னே நீதி! முத்தும் மணியும் மார்பிலே. மூழ்கி எடுத்தவனும் உருக்கி வார்த்தவனும் தெருக்கோடியிலே!

இளைஞர்களே! அரிக்கமேட்டுக்குச் செல்லுங்கள். புதுவை அருங்காட்சியகத்தில் அம்மண் தந்த ஓடுகளையும் மணிகளையும் காணுங்கள். ஆறு அரித்து, செங்கல் பெயர்ந்து தேய்ந்த மேடு அது. எஞ்சியதைக் காப்பது அரசின் கடமை. அதன் பொருளைக் காப்பது உங்கள் கடமை. "ரோமானியன் இங்கே வந்தான்" என்று எவரேனும் மார்தட்டினால், ஒன்றே ஒன்று கேளுங்கள்: "யாரை நாடி வந்தான்?"

மீனவனை, மணி செய்தவனை, உழைத்தவனை! அவனுக்குரிய மதிப்பை அவன் வழிவந்தோருக்கு அளிக்காதவரை, அந்தப் பழம்பெருமை பேச நமக்கு உரிமை ஏது?